டயாலிசிஸ் அறையில் சுவிசேஷம் சொல்லலாமா?

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். பிறந்தது பரம்பரை சி.எஸ்.ஐ. குடும்பம். கல்யாணத்துக்குப் பிறகு கணவரோடு வேறொரு சபைக்குப் போகிறேன். அங்கே ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஆத்துமாவையாவது கர்த்தரண்டை நடத்த வேண்டும், பேசாமல் இருந்தால் இரத்தப்பழி நம் மேல் வரும் என்று அடிக்கடி சொல்வார்கள். இரண்டு வருடமாக எங்களிடம் டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த ஒரு ஐயா போன மாதம் இறந்துபோனார். முருக பக்தர். என்னை மகள் மாதிரி நடத்தியவர். அவரிடம் ஒருநாள்கூட நான் இயேசுவைப் பற்றிப் பேசவில்லை. இரவில் தூக்கமே வருவதில்லை. அவருடைய பழி என் மேல் இருக்கிறதா? இனி நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது? சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) கொடுக்கலாமா? வேலைக்குச் சிக்கல் வருமா? அந்த ஐயாவின் மனைவி என்னை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். எந்த முகத்தோடு போவதென்று தெரியவில்லை.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிற வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அது எசேக்கியேல் 33-ஆம் அதிகாரம். மதில்மேல் நிற்கிற காவற்காரன், பட்டயம் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாமல் இருந்துவிட்டால், சாகிறவனுடைய இரத்தப்பழி அவன் கையில் கேட்கப்படும் என்கிறது. எசேக்கியேல், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்கள் நடுவில் இருந்த தீர்க்கதரிசி. தன் சொந்த ஜனத்துக்கு, கர்த்தர் வாயிலிருந்து கேட்ட எச்சரிப்பைச் சொல்வதற்காக நியமிக்கப்பட்டவர். பவுலும் இதே சொல்லை எடுக்கிறார். எபேசு சபையின் மூப்பர்களை மிலேத்துவுக்கு வரவழைத்து, மூன்று வருடம் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னதை நினைப்பூட்டும்போது, எல்லாருடைய இரத்தப்பழிக்கும் நீங்கிச் சுத்தமாயிருக்கிறேன் என்கிறார் (அப்போஸ்தலர் 20). அவர் பேசியது ஒரு மேய்ப்பனாக, மேய்ப்பர்களிடம். ஆகவே அந்த வசனத்தைக் கேட்டு முதலில் நடுங்க வேண்டியவர்கள் என்னைப் போன்ற போதகர்கள். கையில் ஊசியோடு நிற்கிற உங்களை யாரும் அந்த மதில்மேல் ஏற்றவில்லை. அந்த ஐயாவின் பழி உங்கள் மேல் இல்லை. இன்று இரவு தூங்குங்கள்.

அவருடைய முடிவை நினைத்து மனம் அடங்கவில்லையென்றால், சோதோமுக்காக வழக்காடியபோது ஆபிரகாம் கேட்ட கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ? நீங்கள் அந்த ஐயாவை நேசித்ததைவிட அவரைப் படைத்தவர் அதிகம் நேசிக்கிறார். என் ஊழியத்தில் எத்தனையோ படுக்கைகளின் பக்கத்தில் நின்றுவிட்டு இதைச் சொல்லிக்கொண்டுதான் நான் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.

அதற்காக, உங்களுக்கு அழைப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அழைப்பு இருக்கிறது. சிலரைத்தான் சுவிசேஷகராக ஏற்படுத்தினார் என்று எபேசியர் 4:11 சொல்வது உண்மை. புதிய ஏற்பாட்டில் அந்தப் பட்டம் பேரோடு சேர்ந்து வருவது பிலிப்பு ஒருவருக்குத்தான். ஆனால் ‘எனக்குச் சாட்சிகளாயிருப்பீர்கள்’ என்ற வார்த்தை சபை முழுவதற்கும் வந்தது. அந்தியோகியாவில் கிரேக்கருக்கு முதலில் சுவிசேஷம் சொன்னவர்கள் யார் என்று அப்போஸ்தலர் 11-இல் தேடிப் பாருங்கள். சீப்புருதீவாரும் சிரேனே பட்டணத்தாருமான சிலர் என்று இருக்கும், ஒருவர் பேரும் இருக்காது. உபத்திரவத்தில் ஊரைவிட்டுச் சிதறிப்போன சாதாரண விசுவாசிகள் அவர்கள். போன ஊரில், பக்கத்தில் இருந்தவர்களிடம் பேசினார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் முதல்முதல் வழங்கியது அந்த ஊரில்தான்.

சாட்சி என்பது கோர்ட் வார்த்தை. சாட்சிக்கூண்டில் நிற்கிறவர் கண்டதைச் சொல்ல வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாதாடுவதோ தீர்ப்பை வரவைப்பதோ அவர் பொறுப்பில் இல்லை. மாதம் ஒரு ஆத்துமா என்று கணக்கு வைக்கும்போது, தீர்ப்பையும் உங்கள் தலையில் கட்டுகிறார்கள். ‘நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்’ என்று பவுல் எழுதிய இடத்தை உங்கள் பாஸ்டரிடம் மரியாதையாகக் காட்டுங்கள். அவரும் அந்தக் கணக்கை வேறு யாரிடமிருந்தோ வாங்கிச் சுமக்கிறவராக இருக்கலாம்.

சரி, டயாலிசிஸ் அறைக்கு வருவோம். உங்கள் கேள்வியில் முக்கியமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் நோயாளி நாலு மணி நேரம் எழுந்து போக முடியாதவர். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் இரண்டு ஊசி. உடம்பின் ரத்தம் பக்கத்தில் இருக்கிற மெஷினுக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. நடுவில் பிரஷர் இறங்கினாலோ, காலில் தசை இழுத்தாலோ அவர் கூப்பிடுவது உங்களைத்தான். அப்படிப்பட்டவரிடம் நீங்கள் ஒரு கைப்பிரதியை நீட்டினால் அவர் வேண்டாம் என்று சொல்வாரா? அடுத்த ஊசியைக் குத்தப்போகிற கையை யாரும் பகைத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பை ஆர்வம் என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். மருத்துவமனைச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கிற போதகராக, வேலைக்குச் சேர்ந்த புதிது. மறுநாள் காலையில் ஆபரேஷனுக்குப் போக வேண்டிய ஒரு விவசாயியின் கையில், நித்தியத்தைப் பற்றிய ஒரு கைப்பிரதியை வைத்துவிட்டு வந்தேன். அவர் போட்டிருந்த ஆஸ்பத்திரி அங்கியில் பை கிடையாது. ராத்திரி முழுக்க அதைக் கையிலேயே வைத்திருந்தாராம். விடிந்ததும் மனைவியிடம் கொடுக்க, அந்த அம்மா நாலாக மடித்துத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்திருந்தார். ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது: “சாமி, நான் பொழைக்க மாட்டேன்னு டாக்டர்தான் உங்களச் சொல்லி அனுப்புனாரா?” நல்ல செய்தி என்று நினைத்து நான் கொடுத்த தாள், ஒரு மனிதனைச் சாவுக்குப் பயந்து ஓர் இரவு முழுக்க விழித்திருக்க வைத்திருக்கிறது. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு வார்டில், கேட்காதவர்கள் கையில் நான் எதையும் வைத்ததில்லை.

பிலிப்புவைப் பாருங்கள். எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவை வாசித்துக்கொண்டு ரதத்தில் போகிறார். பிலிப்பு ஓடிப்போய் முதலில் ஒரு கேள்விதான் கேட்கிறார்: வாசிக்கிறது புரிகிறதா? அந்த மந்திரி, ஏறிவந்து பக்கத்தில் உட்காரும்படி வேண்டிக்கொண்ட பிறகுதான் ரதத்தில் ஏறுகிறார். பேதுருவும் உங்கள் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார் (1 பேதுரு 3:15). உங்கள் டியூட்டி நேரத்துக்கு இந்த வசனம் அப்படியே பொருந்தும். அவர்கள் கேட்கட்டும். கேட்கும்போது வாயடைத்து நிற்காதீர்கள்.

கேட்பார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வருடக்கணக்கில் பார்க்கிற முகங்கள். “ஒனக்கு எப்படிம்மா இவ்வளவு பொறுமை?” என்று ஒருநாள் ஒரு அம்மா கேட்பார். அப்போது ஆதியாகமத்தில் ஆரம்பிக்க வேண்டாம். “எனக்கும் பொறுமை கிடையாதும்மா. தினமும் காலைல இயேசுகிட்ட பேசிட்டுத்தான் கெளம்புறேன். அவர்தான் என்னைத் தாங்குறாரு.” அவ்வளவு போதும். சொல்லிவிட்டுப் பிரஷரைப் பாருங்கள். அவருக்கு மேலே தெரிய வேண்டுமென்றால் அடுத்த வாரமும் அதே கட்டிலுக்குத்தானே வரப்போகிறார்.

எனக்கு ஜெபம் பண்ணு என்று யாராவது கேட்டால், அங்கேயே, மெதுவான குரலில், அரை நிமிஷம். “இயேசுவே, இந்த ஐயாவுக்குக் கால்வலி தாங்க முடியல. அவரைத் தேற்றுங்க. அவர் மகள் கல்யாணத்தை நல்லபடியா நடத்திக் கொடுங்க. ஆமென்.” நிறுத்திவிடுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவரைச் சங்கடப்படுத்துகிற சத்தமோ, ஜெபத்துக்குள் ஒளித்துவைத்த பிரசங்கமோ வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். சுகம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ‘இயேசு தொட்டால் மெஷின் தேவையில்லை’ என்று உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து, அதை நம்பி ஒருவர் ஒரு முறை டயாலிசிஸுக்கு வராமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். ஜெபம் பண்ணுங்கள், ஆனால் அடுத்த தேதியையும் நினைப்பூட்டி அனுப்புங்கள்.

‘நர்ஸ் வேலை ஒரு கதவுதான், உள்ளே போய்ச் சுவிசேஷம் சொன்னால்தான் ஊழியம்’ என்று சிலர் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இயேசு குஷ்டரோகிகள் பத்துப் பேரையும் சுத்தமாக்கினார். திரும்பிவந்து மகிமைப்படுத்தியவன் ஒருவன்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோரோடு இருந்தபோது, ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவிகளின் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். டாக்டரான அவருடைய அப்பாவை அனுப்புகிறேன் என்றால், ஆண் வேண்டாம் என்று திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். அந்த மூன்று சாவுகளைத்தான் ஐடா தேவனுடைய அழைப்பாக எடுத்துக்கொண்டார். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். அதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. ஊசியை வலிக்காமல் குத்துவது, அழைப்பின் முன்னுரை கிடையாது. அதுவே அழைப்பில் அடக்கம்.

சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்புச் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-இல் விலக்கப்பட்டது. ஒடிசா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் தனிச் சட்டங்கள் உண்டு, அந்தப் பக்கம் வேலைக்குப் போனால் கவனம் தேவை. ஆனால் உங்கள் வேலைக்கு உடனடியாகப் பொருந்துவது ஆஸ்பத்திரியின் சொந்த விதிமுறைகள். டியூட்டி நேரத்தில் கைப்பிரதி கொடுத்தால் நிர்வாகம் நடவடிக்கை எடுக்கலாம், அப்படி எடுத்தால் அதை உபத்திரவம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. யூனிஃபார்மில் இருக்கும்போது கைப்பிரதி வேண்டாம். பண உதவியையோ சலுகையையோ ஜெபத்தோடு முடிச்சுப் போடவே வேண்டாம்.

அப்புறம், பேசுகிற மொழி. இரட்சிப்பு, மனந்திரும்புதல், ஆத்துமா ஆதாயம் இதெல்லாம் நமக்குள் புழங்கும் வார்த்தைகள். முருகனைக் கும்பிடுகிற ஐயாவுக்கு அவை வெறும் சத்தம்தான். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதித் தமிழ் படித்தவர். தமிழர்களிடம் அவர்களுடைய நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் பற்றிக் கடிதம் வழியாகக் கேள்வி கேட்டு, வந்த பதில்களை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிவதற்குள் இவ்வளவும் கேட்டு முடித்திருந்தார். நீங்களும் முதலில் கேளுங்கள். பழனிக்குப் பாதயாத்திரை போன கதையை ஒருவர் சொன்னால் அதை முழுசாகக் கேளுங்கள். நடுவில் உங்கள் வசனத்துக்கு இடம் தேடாதீர்கள்.

பரம்பரைக் கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு தயக்கம் உண்டு: ‘எனக்குச் சொல்ல ஒரு சாட்சியே இல்லையே. குடித்தேன், விட்டேன் என்று சொல்ல ஒன்றுமில்லையே.’ ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த ராத்திரியில் உங்களால் தாங்க முடியாமல் போனது, அப்போது கர்த்தர் எப்படிக் கூட இருந்தார், அது இன்றைக்கு உங்களை எப்படி வைத்திருக்கிறது. இரண்டு நிமிஷத்தில் சொல்ல முடிகிற வரை சுருக்குங்கள். சபைக்குப் போகாத ஒரு தோழியிடம் வாசித்துக் காட்டி, புரியாத வார்த்தைகளை அடித்துவிடுங்கள். கதரேனர் நாட்டில் பிசாசு நீங்கின மனிதன் இயேசுவோடு படகில் வர ஆசைப்பட்டான். அவர் விடவில்லை. உன் வீட்டுக்குப் போய், கர்த்தர் உனக்கு இரங்கிச் செய்ததைச் சொல் என்று அனுப்பினார் (மாற்கு 5:19).

உங்கள் வீடு, தெரு, பழைய ஹாஸ்டல் தோழிகள். இவர்கள் எழுந்து போக முடிந்தவர்கள், ‘போதும், வேற பேசு’ என்று சொல்ல முடிந்தவர்கள். தாராளமாகப் பேச வேண்டிய இடம் அது. யாராவது வாசிக்கக் கேட்டால் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். புதிதாக வாசிக்கிறவர்களுக்கு நம் பழைய வேதாகமத்தின் நடை கடினம். 1995-இல் வந்த திருவிவிலியம் மொழிபெயர்ப்பு அவர்களுக்குச் சுலபமாக இருக்கும்.

அந்த அம்மாவின் வீட்டுக்குப் போங்கள். யூனிஃபார்ம் இல்லாமல், ஒரு லீவு நாளில். கையில் கைப்பிரதி வேண்டாம், கொஞ்சம் பழம் வாங்கிக்கொண்டு போங்கள். ஐயாவின் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றி வைத்திருப்பார்கள், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். டயாலிசிஸ் அறையில் அவர் சொன்ன பேச்சு, சிரித்த சிரிப்பு, வீட்டில் யாருக்கும் தெரியாத இரண்டு வருடம் உங்களிடம் இருக்கிறது. அதைத்தான் அந்த அம்மா கேட்கக் காத்திருக்கிறார். அழுதால் கூட அழுங்கள். கிளம்பும்போது, “உங்களுக்காக நான் ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேம்மா” என்று சொல்லலாம், அது உண்மைதானே. யார்கிட்ட, என்னன்னு பண்ணுவ என்று அவர் கேட்டால், மறுபடி உட்காருங்கள்.