‘சோதனை முடியட்டும்’ என்று காத்திருக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது. உண்மையில் அவள் என் தங்கையின் பிள்ளை. பிள்ளை பிறந்த எட்டாம் மாதம் தங்கை தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். தகப்பன் வெளிநாடு போய் வேறு குடும்பமாகிவிட்டார், தொடர்பில்லை. சட்டப்படி தத்தெடுக்கவில்லை. சுவாமி அறையில் இருக்கும் தங்கையின் படத்தைச் ‘சித்தி’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். ஓ.எல். (சாதாரண தரச் சோதனை) முடிந்த பிறகு சொல்லலாம் என்கிறார் கணவர். எப்போது, எப்படிச் சொல்வது?

பதில்: இந்த வருடமே சொல்லுங்கள். ஓ.எல். வரைக்கும் இந்த விஷயம் மறைவாக இருக்காது. பரீட்சை மண்டபத்துக்குள் போகவே அடையாள அட்டை கேட்பார்கள். 15 வயதானதும் பாடசாலை அதிபர் ஊடாக அதற்கு விண்ணப்பிக்க வேண்டும், கூடவே பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் போக வேண்டும். நீங்கள் தத்தெடுக்காதபடியால் அதில் தாயின் பெயர் என்ற இடத்தில் இருப்பது தங்கையின் பெயர்தான். அதை உங்கள் மகள் முதன்முதலாக வகுப்பில், நாலு பேருக்கு நடுவில் வாசிக்கக்கூடாது.

கணவரின் எண்ணம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஓ.எல். முடிந்தால் ஏ.எல்., அதற்குப் பிறகு கம்பஸ், பிறகு கலியாணப் பேச்சு. நல்ல நேரம் என்று ஒன்று தானாக வராது. அதற்கிடையில் ஏதாவது செத்தவீட்டிலோ கலியாண வீட்டிலோ கனடாவிலிருந்து வந்த மாமி ஒருவர், “அப்படியே தாயை உரிச்சு வச்சிருக்கு” என்று சொல்லிவிடுவார். வளர்ந்த பிறகு பிறர் வாயால் அறிந்தவர்கள் என்னிடம் வரும்போது, பெற்றவள் வேறு என்பதைவிட, “எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் தெரியேல்லை” என்பதைச் சொல்லித்தான் அதிகம் அழுகிறார்கள்.

ஓகஸ்ட் விடுமுறையின் முதல் கிழமை நல்லது. தவணைப் பரீட்சை முடிந்திருக்கும், நீங்களும் அவளோடு வீட்டில் இருக்கலாம். காலை நேரத்தில் சொல்லுங்கள். இரவில் சொன்னால் அவள் தனியே விழித்துக் கிடப்பாள். திவச நாளும் பிறந்தநாளும் வேண்டாம். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் நீங்கள் பேசுங்கள். சுற்றி வளைக்காமல், “நீ என் வயிற்றில் பிறக்கவில்லை. என் தங்கை உன்னைப் பெற்றாள். நீ கைக்குழந்தையாக இருக்கும்போதே அவள் இறந்துபோனாள். அன்றிலிருந்து நீ எங்கள் பிள்ளை” என்று சொன்னால் போதும். பிறகு பேசாமல் இருங்கள். தங்கை அவளைத் தூக்கி வைத்திருக்கும் படம் ஏதாவது இருந்தால் கையில் கொடுங்கள்.

அடுத்தது மரணம். “எப்படிச் செத்தவா?” என்று அவள் அன்றைக்கே கேட்டால் நெஞ்சுவலி, காய்ச்சல் என்று புதிய பொய் ஒன்றைத் தயவுசெய்து தொடங்காதீர்கள். கேட்காவிட்டால் சில நாள் விட்டு நீங்களே சொல்லுங்கள், இன்னொரு வருடத்துக்குத் தள்ள வேண்டாம். எந்த விதத்தில் இறந்தாள் என்ற விவரம் தேவையில்லை. மனதில் கடுமையான நோய் இருந்தது, அந்த வேதனையில் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டாள் என்பது போதும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். எட்டு மாதக் குழந்தை என்று கேட்டதும், “நான் பிறந்ததாலதான் செத்தவா” என்ற எண்ணம் அவளுக்கு வரும். வாய்விட்டுச் சொல்லமாட்டாள். அவள் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள்: பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில தாய்மாருக்கு மனச்சோர்வு நோய் வரும், அது குழந்தையின் குற்றமும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை, மருந்தும் உதவியும் கிடைத்தால் குணமாகும். “எனக்கும் வருமா?” என்று கேட்டால், குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வாய்ப்புச் சற்று அதிகம், ஆனால் வந்தே தீரும் என்றில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். 1990களின் நடுப்பகுதியில் தற்கொலை வீதம் உலகிலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. எத்தனையோ வீடுகளில் இப்படிப் பேசாமல் வைத்த மரணங்கள் இருக்கின்றன. வெட்கப்பட இதில் எதுவுமில்லை.

தகப்பனைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள், திட்ட வேண்டாம்.

அவள் கோபப்படுவாள். “ஏன் இவ்வளவு நாளும் பொய் சொன்னனீங்கள்?” என்பாள். “உன் நன்மைக்காக” என்று வாதாடாதீர்கள். “பயந்துபோனோம், முதலே சொல்லியிருக்க வேண்டும்” என்பது நேர்மையான பதில். சில நாள் உங்களை அம்மா என்று கூப்பிடாமலும் இருக்கலாம். அதற்காக அவள் முன்னால் அழுது அவளையே ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள். படத்தைத் தன் அறையில் வைக்கக் கேட்டால் கொடுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேலும் நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், நண்பிகளிடமிருந்து ஒதுங்கினால் பொரளை லேடி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

இன்னொன்று. அவளிடம் பேசுவதற்கு முதல் நாள், விஷயம் தெரிந்த சொந்தக்காரர்களுக்கு நீங்களே அழைத்து, சொல்லப்போகிறோம் என்று அறிவித்துவிடுங்கள். அவளாகப் பேச்சை எடுக்கும் வரை ஒருவரும் அவளுக்கு ஆறுதல் சொல்லி அழைக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.