ஒரு வயதுக் குழந்தைக்கு எந்தப் பால், எவ்வளவு பால்?

கேள்வி: என் மகனுக்கு அடுத்த வாரம் 1 வயது முடிகிறது. காலையிலும் இரவிலும் தாய்ப்பால் குடிக்கிறான். நான் வேலைக்குப் போவதால் பகலில் டப்பாப் பால், பாட்டிலில். இனிப் பாக்கெட் பாலுக்கு மாறலாமா? நீலப் பாக்கெட்டா, ஆரஞ்சா? மாமியார் கறந்த பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கொடுக்கச் சொல்கிறார். கணவர் ஏ2 பால் வாங்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் ஆட்டுப் பால்தான் நல்லது என்கிறார்கள். சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்பதால் பாலையே கூட்டிக் கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மாறலாம். 1 வயது முடிந்து, வீட்டுச் சாப்பாடும் சாப்பிடத் தொடங்கிய குழந்தைக்கு டப்பாப் பால் அவசியமில்லை. சாதாரணப் பாக்கெட் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, தண்ணீர் கலக்காமல், சர்க்கரை போடாமல், டம்ளரில் கொடுங்கள். இந்த வயதுக்கு ஒரு நாளில் 300 முதல் 400 மி.லி. போதும். உங்கள் மகன் இரண்டு வேளை தாய்ப்பால் குடிப்பதால் 200 முதல் 300 மி.லி. தாராளம். சாப்பாடு இறங்கவில்லை என்று பாலைக் கூட்டுவதுதான் இருப்பதிலேயே தவறான வழி. அதைப் பற்றித்தான் கீழே அதிகம் சொல்லப்போகிறோம். ஏனென்றால் இந்த வயதில் பாலால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை மாட்டின் வகையால் வருவதில்லை. அளவாலும், தண்ணீராலும், பாட்டிலாலும்தான் வருகின்றன.

முதலில், 1 வயது ஏன் எல்லை? பசும்பாலில் புரதம் 100 மி.லி.க்கு 3.2 கிராம் அளவில் இருக்கிறது. தாய்ப்பாலில் அது சுமார் 1 கிராம்தான். சின்னக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அந்தக் கூடுதல் புரதமும் உப்புகளும் சுமை. இரும்புச்சத்தோ ஒரு லிட்டர் பசும்பாலில் அரை மில்லிகிராம் அளவுக்குத்தான் உண்டு. அதிலும் உடலில் சேர்வது சொற்பம். போதாக்குறைக்கு, 1 வயதுக்குள் பசும்பால் குடிக்கும் சில குழந்தைகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் இரத்தம் கசியும். 6 மாதத்துக்கு மேல் தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு விலங்குப் பாலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடம் தருகிறது. ஆனாலும் டப்பாப் பால் வாங்க முடிந்த வீட்டில் 12 மாதம் வரை பொறுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. அதே வழிகாட்டுதல் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது: 1 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென்று அடுத்த எண் போட்டு விற்கும் டப்பாப் பால்கள் தேவையில்லை. அந்தப் பணத்தில் முட்டையும் மீனும் வாங்கலாம்.

எந்தப் பாக்கெட்?

நிறத்தைப் பார்க்காதீர்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். உறையில் அச்சிட்டிருக்கும் கொழுப்புச் சதவீதத்தைப் பாருங்கள். சமன்படுத்தப்பட்ட பாலில் கொழுப்பு 3 சதவீதம். ஆவினில் இது நீலம். ஆவினின் ஊதாப் பாக்கெட்டில் 3.5. நிலைப்படுத்தப்பட்ட பாலில் 4.5. நிறைகொழுப்புப் பாலில் 6; ஆவினில் இது ஆரஞ்சு. இருமுறை சமன்படுத்தப்பட்ட பாலில் 1.5 சதவீதம்தான்.

1 முதல் 2 வயது வரை மூளை வேகமாக வளர்கிறது, கொழுப்பைக் குறைக்கக் கூடாது. எனவே 3.5 முதல் 4.5 சதவீதம் வரை உள்ளதை எடுங்கள். நீலம்தான் கிடைக்கிறது என்றால் அதுவும் போதும். சாப்பாட்டில் தினம் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். 1.5 சதவீதப் பாலும் கொழுப்பு நீக்கிய பாலும் இந்த வயதுக்கு வேண்டாம். ஆரஞ்சுப் பாக்கெட் கெடுதல் இல்லை, ஆனால் 150 மி.லி. குடித்தாலே வயிறு நிறைந்து அடுத்த வேளைச் சாப்பாட்டைக் குழந்தை தள்ளிவிடும். எடை குறைவான குழந்தைக்கு மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம். எருமைப் பாலுக்கும் இதே கணக்குதான்: கொழுப்பு 6 சதவீதத்துக்கு மேல், புரதமும் பசும்பாலைவிடக் கூடுதல்.

உறையில் நீல நிறத்தில் '+எஃப்' என்ற முத்திரை இருந்தால் வைட்டமின் ஏ, டி சேர்த்த பால் என்று பொருள். இரண்டு பால் ஒரே விலையில் இருந்தால் இதை எடுங்கள். ஆனால் அரை லிட்டரில் வைட்டமின் டி 100 முதல் 150 யூனிட் வரைதான் கிடைக்கும். இந்த வயதுக்கு ஒரு நாளைக்குத் தேவை 600 யூனிட். அதனால் மருத்துவர் வைட்டமின் டி சொட்டு மருந்து எழுதித் தந்திருந்தால் இந்தப் பாலை நம்பி அதை நிறுத்த வேண்டாம்.

பாதிக்குப் பாதி தண்ணீர்

உங்கள் மாமியார் சொல்வது காரணமில்லாமல் வந்த வழக்கம் இல்லை. தாய்ப்பால் இல்லாத 2, 3 மாதக் கைக்குழந்தைக்குப் பசும்பாலைத் தவிர வேறு வழியில்லாத காலத்தில், அதன் புரதச் சுமையைக் குறைக்கத் தண்ணீர் சேர்த்தார்கள். 1 வயதில் சிறுநீரகம் அந்தப் புரதத்தைச் சமாளிக்கும் அளவுக்கு முதிர்ந்துவிடுகிறது. இப்போது தண்ணீர் விட்டால் நடப்பது இதுதான்: 100 மி.லி. நீலப் பாக்கெட் பாலில் ஏறத்தாழ 58 கலோரி உண்டு. பாதித் தண்ணீர் சேர்ந்தால் 29. வயிறு நிறையும், எடை ஏறாது. மூன்று வேளையும் பால் குடிக்கிறான், உடம்பில் ஒட்டவில்லையே என்று கவலைப்படும் வீடுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பாலில் எவ்வளவு தண்ணீர் விடுகிறீர்கள் என்பதுதான். பால் கெட்டியாக இருக்கிறது, செரிக்காது என்று தோன்றினால் அளவைக் குறையுங்கள், தண்ணீரைச் சேர்க்காதீர்கள்.

கறந்த பால் கொடுக்கலாம். ஆனால் இளஞ்சூடாகக் கறந்தபடியே கொடுப்பது கூடவே கூடாது. காசநோய், புருசெல்லா, வயிற்றுப்போக்குக் கிருமிகள் எல்லாம் பச்சைப் பாலில் வரக்கூடும். பொங்கி வந்ததும் தீயைக் குறைத்து, கரண்டியால் கிளறியபடி மேலும் 2, 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். மேலே படியும் ஆடையை எடுத்து ஒதுக்காமல் பாலிலேயே அடித்துக் கலந்துவிடுங்கள். ஆடையை நெய்க்கு எடுத்துவைத்துவிட்டு மீதியைக் குழந்தைக்குக் கொடுத்தால், நல்ல பால் வாங்கியும் பயனில்லாமல் போகும். பால்காரர் ஏற்கெனவே தண்ணீர் சேர்த்திருந்தால் நீங்கள் அறியாமலே அது இன்னும் நீர்த்துப்போகிறது. கொழுப்பு அளவு உறுதியாகத் தெரியும் என்பதே பாக்கெட் பாலின் பெரிய நன்மை.

பாக்கெட் பால் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிப் பதப்படுத்தியதுதான். ஆனாலும் நம் ஊரில் வண்டியிலும் கடை வாசலிலும் குளிர் விட்டுப்போவதால் வீட்டில் ஒருமுறை பொங்கக் காய்ச்சிவிடுங்கள். ஒருமுறை போதும். குழந்தை கேட்கும்போதெல்லாம் அதே பாலைக் கொதிக்க வைத்தால் ஃபோலிக் அமிலம் போன்ற பி வைட்டமின்கள் குறைந்துகொண்டே போகும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். அட்டைப்பெட்டியில் வரும் நீண்டநாள் கெடாத பாலைக் காய்ச்ச வேண்டியதில்லை. பிரித்த பிறகு குளிர்பெட்டியில் வைத்து 2 நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பயணத்துக்கு இது வசதி.

ஏ2வும் ஆட்டுப் பாலும்

ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற ஒரு புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதைக் குறிக்கிறது. நாட்டு மாடுகளின் பாலில் பெரும்பாலும் ஏ2 இருக்கும். அதில் கொழுப்போ கால்சியமோ இரும்போ கூடுதல் இல்லை, பால் சர்க்கரையும் குறைவில்லை. குழந்தைகளின் வளர்ச்சிக்கு அது மேலானது என்று காட்டும் உறுதியான சான்றும் இல்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஆகஸ்டில் இந்தப் பெயரை உறைகளிலிருந்து நீக்கச் சொல்லி, சில நாட்களிலேயே அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பிடித்திருந்தால் வாங்குங்கள், இரட்டிப்பு விலை கொடுத்து வாங்கவில்லையே என்று வருந்த வேண்டாம்.

ஆட்டுப் பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதையே முக்கிய உணவாகக் கொடுத்தால் இரத்தச்சோகை வரும். பசும்பால் ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்கு ஆட்டுப் பால் ஒத்துக்கொள்ளும் என்பதும் ஆபத்தான நம்பிக்கை. இரண்டின் புரதங்களும் நெருக்கமானவை, அப்படிப்பட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு ஆட்டுப் பாலும் ஒவ்வாது. பாதாம் பால், தேங்காய்ப் பால் போன்றவை சமையலுக்குச் சரி. பாலுக்கு ஈடாக வைக்கும் அளவுக்கு அவற்றில் புரதம் இல்லை.

பாலைக் கூட்டினால் என்ன ஆகும்?

1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கலோரி தேவை. 4.5 சதவீதக் கொழுப்புள்ள பால் 700 மி.லி. குடித்தால் அதிலேயே 500 கலோரி போய்விடும். மீதிப் பசிக்கு இரண்டு இட்லி தாங்காது. அப்புறம் சாப்பிடவில்லையே என்று இன்னொரு பாட்டில். இப்படித்தான் இந்தச் சுழல் தொடங்குகிறது. இந்த வயதில் தேவைப்படும் இரும்பு 8 மில்லிகிராம். அந்த 700 மி.லி. பாலில் அரை மில்லிகிராம்கூட வராது. பாலின் கால்சியமும் கேசினும் மற்ற உணவில் இருந்து வரும் இரும்பையும் தடுக்கின்றன. கொழுகொழுவென்று வெளுத்துப்போய், எப்போதும் சிணுங்கிக்கொண்டு, மண்ணையோ சுவர்ச் சுண்ணாம்பையோ தின்னும் குழந்தையின் பின்னால் பல நேரம் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால் இருக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை இருந்தது. பால் மட்டுமே அதற்குக் காரணமில்லை. ஆனால் வீட்டில் இன்றைக்கே சரிசெய்யக்கூடிய காரணம் இது.

எனவே 500 மி.லி.யைத் தாண்டாதீர்கள். பாலைக் குறைத்தால் எலும்பு என்னாகும் என்ற பயம் வேண்டாம். 100 மி.லி. பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் உண்டு, இந்த வயதின் தேவை 500 மில்லிகிராம். 300 மி.லி. பாலும் ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கூழும் கீரையும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும். தயிரும் மோரும் இந்த அளவுக்குள்தான் வரும். 100 கிராம் தயிர் கொடுத்தால் 100 மி.லி. பாலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகனுக்கு இப்படிப் பிரிக்கலாம்: காலை எழுந்ததும் தாய்ப்பால். அதன்பின் ஒரு மணி நேரமாவது விட்டுக் காலைச் சாப்பாடு. 10.30 மணி வாக்கில் பால் 100 முதல் 120 மி.லி. மதியம் பருப்பு அல்லது முட்டை, முருங்கைக்கீரையுடன் நெய் விட்ட சாதம், அதில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு. இரும்பு உடலில் சேர அது உதவும். மாலை 4 மணிக்கு மறுபடி 100 முதல் 120 மி.லி. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தாய்ப்பால். சாப்பாட்டுக்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் பாக்கெட் பால் வேண்டாம். மூன்று, நான்கு நாள் அழுவான், பிறகு தட்டைத் தேடுவான்.

அங்கன்வாடி அல்லது கிராம செவிலியர் மூலம் 5 வயது வரை வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தில் 1 மி.லி.க்கு 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. அதைக் கேட்டு வாங்குங்கள். பாலோடு சேர்த்துக் கொடுக்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பாலில் சத்து மாவு, சாக்லேட் பவுடர் எதுவும் கலக்க வேண்டாம். 2 வயது வரை சேர்த்த சர்க்கரையே தேவையில்லை. டீ, காபியில் ஒரு வாய்கூட வேண்டாம். அவையும் இரும்பைத் தடுக்கும். டீக்கென்று விற்கும் சர்க்கரை கலந்த பால் பவுடரும் டின்னில் வரும் இனிப்புப் பாலும் குழந்தைப் பாலுக்கு மாற்றல்ல. இலங்கையில் உள்ளவர்கள் முழு ஆடைப் பால்மா பயன்படுத்தினால் 100 மி.லி. பாலுக்குச் சுமார் 13 கிராம் மா வேண்டும். சிக்கனத்துக்காக அதைக் குறைப்பதும் தண்ணீர் கலப்பதும் ஒன்றுதான்.

மாற்றும் முறை

ஒரே நாளில் மாற்றினாலும் தவறில்லை. சுவை பிடிக்காமல் துப்பினால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். டப்பாவில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்த பால் 90 மி.லி.யுடன் காய்ச்சிய பாக்கெட் பால் 30 மி.லி. சேர்த்து இரண்டு நாள், பிறகு 60க்கு 60, அடுத்து 30க்கு 90. டப்பா மாவை நேரடியாகப் பாக்கெட் பாலில் கரைக்கவே கூடாது. உப்பும் புரதமும் அளவுக்கு மீறி, வயிற்றுப்போக்கும் நீரிழப்பும் வரும்.

பாலை மாற்றும் இதே வாரத்தில் பாட்டிலையும் மாற்றுங்கள். புதுப் பாலைத் தொடக்கம் முதலே டம்ளரில் மட்டும் கொடுத்தால் பாட்டில் தானாகவே விலகிவிடும். தூங்கும்போது வாயில் பாட்டில் வைத்தால் மேல்வரிசை முன்பற்கள் சொத்தையாகும், காதில் சீழ் பிடிக்கும் வாய்ப்பும் கூடும்.

உங்கள் மகன் குடித்துவந்த டப்பாப் பால் சோயா வகையோ சிறப்பு மருத்துவ வகையோ இல்லையென்றால், அதுவும் பசும்பாலில் செய்ததுதான். இத்தனை மாதம் அதை ஏற்றுக்கொண்டவனுக்குப் புதிதாகப் பால் ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகக் குறைவு. முதல் வாரம் மலம் சற்று இறுகலாம், நிறம் வெளுக்கலாம். தண்ணீரும் பழமும் கூடுதலாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், உடலெங்கும் தடிப்பு, குடித்ததும் திரும்பத் திரும்ப வாந்தி இருந்தால் பாலை நிறுத்திவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ காத்திருக்காமல் அருகில் உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். வயிற்றுப்போக்கு வந்து குணமான பிறகு சில நாள் பால் குடித்ததும் வயிறு உப்பி, நீர் போல மலம் போனால் அது ஒவ்வாமை அல்ல. குடல் ஆறும்வரை பால் சர்க்கரை செரிக்காத நிலை. அப்போது பாலுக்குப் பதில் தயிர்சாதம் கொடுத்து, ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பாலைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். அந்த நாட்களிலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.