மனநல விடுப்பில் இருக்கும்போது இன்டர்வியூ: எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் இருக்கலாம்?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மன அழுத்தமும் பதற்றமும் கூடிப்போனதால், மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி இரண்டு மாதமாக மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். அதே இடத்துக்குத் திரும்பினால் மறுபடியும் உடைந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. வேறு நிறுவனத்தில் விண்ணப்பித்தேன். அடுத்த வாரம் இன்டர்வியூ. விடுப்பில் இருந்துகொண்டு போவது தவறா? "இப்போது வேலையில் இருக்கிறீர்களா, ஏன் மாறுகிறீர்கள்" என்று கேட்டால் என்ன சொல்வது? பின்னால் தெரியவந்தால் மறைத்துவிட்டேன் என்று நீக்கிவிடுவார்களா?

பதில்: முதலில், இன்டர்வியூவுக்குத் தைரியமாகப் போங்கள். விடுப்பு என்பது தற்போதைய வேலையைச் செய்வதிலிருந்து கிடைத்த ஓய்வு. வேறு வேலை தேடக் கூடாது என்று அது உங்களைக் கட்டிப்போடாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச முடிந்ததால் உங்கள் மருத்துவச் சான்றிதழ் பொய்யாகிவிடாது. நோய்க்குக் காரணமான சூழலிலிருந்து விலக வழி தேடுவதும் குணமடைவதில் ஒரு பகுதிதான். இதில் குற்ற உணர்வு வேண்டாம்.

ஆனால் ஒரு எல்லை இருக்கிறது. விடுப்பில் இருந்தபடியே புதிய இடத்தில் வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். "சும்மா ரெண்டு நாள் பயிற்சிக்கு வாங்க" என்று கூப்பிட்டாலும் வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று பெரும்பாலான பணி ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். விடுப்புக்குச் சம்பளமோ காப்பீட்டுத் தொகையோ வாங்குகிறீர்கள் என்றால், வேலை செய்ய முடியாது என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு வேறு இடத்தில் வேலை செய்தார் என்ற குற்றச்சாட்டும் வரும். அதிலிருந்து மீள்வது கஷ்டம்.

அடுத்து, உங்கள் முக்கியமான பயம். சொல்லாமல் இருப்பதும் பொய் சொல்வதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 17ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: பேச வேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறுமனே மௌனமாக இருப்பது மோசடி ஆகாது. இங்கிலாந்தின் ஒப்பந்தச் சட்டத்திலிருந்து வந்த கொள்கை இது. அதே மரபைப் பின்பற்றும் மற்ற நாடுகளிலும் அடிப்படை இதுதான். ஆகவே நீங்களாக முன்வந்து நோயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நேரடியாகக் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய்யான பதில் தந்தால், அதிலும் எழுத்தில் தந்தால், பிறகு அதைக் காட்டி வேலையை விட்டு நீக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். மௌனம் உங்களைக் காப்பாற்றும். பொய் காப்பாற்றாது.

இதை வைத்துக்கொண்டு கேள்விகளுக்கு வருவோம்.

"இப்போது வேலையில் இருக்கிறீர்களா?" ஆம், இருக்கிறீர்கள். விடுப்பில் இருப்பவரும் ஊழியர்தான். "ஆமாம், இன்ன நிறுவனத்தில் இன்ன பொறுப்பில் இருக்கிறேன்" என்பது முழு உண்மை. "தினமும் ஆபீஸ் போகிறீர்களா" என்று தோண்டினால், "சொந்தக் காரணத்துக்காக இப்போது விடுப்பில் இருக்கிறேன், நிறுவனத்தின் ஒப்புதலோடு" என்று சொல்லி நிறுத்துங்கள். விளக்க ஆரம்பித்தால் பதற்றத்தில் ஒன்றுக்கு நாலாகச் சொல்லிவிடுவோம். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

"ஏன் மாறுகிறீர்கள்?" காரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பொறுப்பு, கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, வேலை நேரம் என்று உங்களுக்கு உண்மையாகவே இருக்கும் காரணங்களில் ஒன்றைச் சொல்லலாம். பழைய நிறுவனத்தைக் குறை சொல்ல வேண்டாம்.

"உங்களுக்கு உடல்நலப் பிரச்சினை, மனநலப் பிரச்சினை ஏதாவது உண்டா?" என்று நேராகவே கேட்டால்? நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை; இந்த இடத்தில்தான் அது முக்கியம். பிரிட்டனில் சமத்துவச் சட்டம் 2010-இன் 60ஆம் பிரிவுப்படி, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் உடல்நலத்தைப் பற்றிப் பொதுவாகக் கேட்கவே கூடாது. வேலையின் மையமான ஒரு செயலை உங்களால் செய்ய முடியுமா என்பதைப் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. அமெரிக்காவில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதே தடையை விதிக்கிறது. போன வருடம் எத்தனை நாள் நோய் விடுப்பு எடுத்தீர்கள் என்றுகூட அங்கே வேலை உறுதியாகும் முன் கேட்க முடியாது.

இந்தியாவில் தனியார் இன்டர்வியூவுக்கு இப்படி ஒரு நேரடித் தடை கிடையாது. வருத்தமான நிலைதான், மாற வேண்டியதும்கூட. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 20ஆம் பிரிவு வேலையில் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களைப் பற்றியது. உங்களுக்குக் கைகொடுப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அதன் 23ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. புதிய நிறுவனம் போன் போட்டுக் கேட்டதற்காக, உங்கள் அனுமதி இல்லாமல் டாக்டர் எதையும் சொல்லக் கூடாது.

எந்த நாடாக இருந்தாலும் பொருந்தும் பதில் ஒன்று உண்டு: "நீங்கள் சொன்ன வேலைப் பொறுப்புகளை என்னால் செய்ய முடியும். மருத்துவ விவரங்களைத் தனிப்பட்ட விஷயமாக வைத்துக்கொள்ள விரும்புகிறேன்." இதை அமைதியாகச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் உங்களைப் பொறுத்தவரை உண்மைதானா என்று மட்டும் போவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் பேசிவிடுங்கள். வண்டி ஓட்டுவது, விமானம், ஆயுதம் என்று மற்றவர் உயிர் சம்பந்தப்பட்ட வேலை என்றால் கதை வேறு. அங்கே நோயையும் மருந்தையும் தெரிவிக்கும் கடமை விதியிலேயே இருக்கும், மௌனம் செல்லாது.

இன்டர்வியூவைவிட எனக்குக் கவலை தருவது அதற்குப் பின் வரும் காகிதங்கள்தான். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்பார்கள். அதில் சம்பளமில்லா விடுப்பு பதிவாகியிருக்கலாம். சீட்டை அப்படியே கொடுங்கள், ஒரு எண்ணைக்கூடத் திருத்தாதீர்கள். திருத்தினால் அது போலி ஆவணக் குற்றம். கேட்டால், விடுப்பில் இருந்தேன் என்ற அதே வாக்கியம் போதும். மருத்துவப் படிவம் வந்தால் ஒவ்வொரு கேள்வியையும் நிதானமாகப் படியுங்கள். "எப்போதாவது மனநலச் சிகிச்சை பெற்றீர்களா" என்று இருந்தால் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். காலியாக விட்டுவிட்டு, "வேலைக்குத் தொடர்பான விவரம் தேவைப்பட்டால் டாக்டரின் தகுதிச் சான்றிதழ் தருகிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பலாம். அந்தச் சான்றிதழில் நோயின் பெயர் இருக்க வேண்டியதில்லை. வேலைக்குத் தகுதியானவர் என்று இருந்தால் போதும்.

சரி, எப்போதாவது சொல்லத்தான் வேண்டுமா? ஒரு சூழலில் சொல்வது நல்லது. இரவு ஷிப்ட் கூடாது, வாரம் ஒரு முறை சிகிச்சைக்குப் போக வேண்டும் என்பது மாதிரி சலுகை தேவைப்பட்டால், அதை நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தியிருக்க வேண்டும். தெரியாத ஒன்றுக்கு ஏற்பாடு செய்யவில்லை என்று பிறகு அவர்கள்மேல் வழக்குப் போட முடியாது. வேலை உறுதி எழுத்தில் கைக்கு வந்த பிறகு, ஹெச்.ஆரிடம் மட்டும், எழுத்தில், தேவையான அளவு சொல்லுங்கள். இன்டர்வியூ மேசையில் வேண்டாம்.

உடல்நலக் கேள்வி கேட்டுவிட்டு உங்களை நிராகரித்தார்கள் என்றால், அன்றைக்கே கேள்வியை அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே, யார் கேட்டார், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். பிரிட்டன், அமெரிக்கா போன்ற இடங்களில் அந்தக் குறிப்பு வழக்குக்கே உதவும். கால வரம்பு சில மாதங்கள்தான், தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள்.

புதிய வேலை உறுதியாகி ராஜினாமா செய்யும் முன் இப்போதைய ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் காலத்தில் விடுப்பு நாள் கணக்கில் சேருமா சேராதா என்பது அதில் இருக்கும். சேராது என்றால், புதிய இடத்தில் சேரும் தேதியை அதற்கு ஏற்றபடி சொல்லுங்கள்.