அறிவியல் புனைவுத் தொடர் ரசிகர்கள் ஒரு எபிசோடைப் பார்த்துவிட்டு மணிக்கணக்கில் பிரித்து மேய்கிறார்களே, இது ரசனையா வியாதியா?

வியாதி என்ற சொல்லைப் பார்த்ததும்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். அறிவியல் புனைவுத் தொடர் ரசிகர்கள் என்று குறிப்பாகச் சொல்லி, ‘மணிக்கணக்கில்’ என்று எரிச்சலோடு வேறு கேட்டிருக்கிறீர்கள். அதனால் உங்கள் வீட்டு ஹாலிலும் நாலு பேர் நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் அடுப்படியில் தோசைக்கல்லோடு நிற்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லை, அந்த நாலு பேரில் ஒருவரே நீங்கள்தான், வியாதி என்று சொன்னது உங்கள் மனைவி என்றாலும் பரவாயில்லை. எனக்கு இரண்டு பக்கமும் பழக்கம்.

2012 நவம்பர். மதுரை வில்லாபுரத்தில் வாடகை வீடு. மகன் பிறந்து மூன்று மாதம். உசிலம்பட்டியில் அம்மா வீட்டில் இருந்தவரை ராத்திரியில் பாதி நேரம் அம்மா பிள்ளையை வாங்கிக்கொள்வார், மூன்றாம் மாதம் இங்கே கொண்டுவந்து விட்டபிறகு நானும் அவனும்தான். ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம், அதற்கு மேல் அவன் தூங்கியதில்லை. போதாக்குறைக்கு அது கரண்ட் இல்லாத வருடம். சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்காது, அவர்களுக்கு ஏதோ இரண்டு மணி நேரம் போனது. எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது, ராத்திரியிலும் அப்படித்தான். அவன் தூங்கும்போது ஃபேன் நிற்கும், ஃபேன் ஓடும்போது அவன் முழித்துக்கொள்வான்.

இந்த லட்சணத்தில் சனிக்கிழமை ராத்திரி என் வீட்டுக்காரரின் கூட்டாளிகள் வருவார்கள். பரோட்டா, சால்னா, ஒரு லேப்டாப். ஒருவர் கல்லூரியில் இயற்பியல் எடுப்பவர், எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒரு தம்பி செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்தான். இன்னொருவர் அதிகம் பேசமாட்டார், பரோட்டாவோடு சரி. அப்போது அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’. அது எப்படி ஹார்ட் டிஸ்கில் வந்தது என்று கேட்டு யாரும் கமெண்டில் நீதி சொல்ல வேண்டாம். அது அமெரிக்கத் தொடர், ஆனால் 2004 அக்டோபரில் பிரிட்டனில்தான் முதலில் ஒளிபரப்பானது, அமெரிக்காவில் 2005 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை பொறுக்க முடியாமல் அந்த ஊர்க்காரர்களே இணையத்தில் இறக்கிப் பார்த்தார்கள். வில்லாபுரத்தை மட்டும் பிடிக்காதீர்கள்.

அன்றைக்குப் பார்த்தது முதல் எபிசோட், பெயரே ‘33’. கதை தெரியாதவர்களுக்காக: மனிதர்கள் செய்த எந்திரங்களான சைலான்கள், மனிதர்களையே அணுகுண்டு போட்டு அழித்துவிடுகின்றன. மிஞ்சியது ஐம்பதாயிரம் பேர், ஒரு பழைய போர்க்கப்பல், அதன் பின்னால் பயணிகள் கப்பல்கள். ஒவ்வொரு முறையும் விண்வெளியில் வேறு இடத்துக்குத் தாவித் தப்பிக்கிறார்கள். தாவிய 33ஆவது நிமிடம் சைலான்கள் அங்கே வந்து நிற்கும். திரும்பத் தாவ வேண்டும். இப்படி 237 முறை. யாருக்கும் தூக்கம் கிடையாது. கடைசியில் ‘ஒலிம்பிக் கேரியர்’ என்ற கப்பல் மட்டும் தவறிப்போகிறது. அந்தத் தடவை 33 நிமிடம் தாண்டியும் சைலான்கள் வரவில்லை. சில மணி நேரம் கழித்து அந்தக் கப்பல் தனியாகத் திரும்பி வந்ததும் பின்னாலேயே அவையும் வருகின்றன. கப்பலில் அணுகுண்டு இருப்பதாக அலாரம் அடிக்கிறது, நிற்கச் சொன்னால் நிற்கவில்லை. 1,345 பேர் ஏறிய கப்பல். சுடச் சொல்லி உத்தரவு, சுடுகிறார்கள்.

நான் ரூமில் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்த்தேன் என்றால் பாதி பார்த்தேன், மீதி காதில் விழுந்தது. முடிந்ததும் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். ஏன் 33? ஏன் 30 இல்லை? இது அரை மணி நேரம் ஓடியது, தொடரில் அதற்குப் பதிலே கிடையாது என்பது வேறு விஷயம். ஒளியின் வேகம், தாவும் தூரம் என்று பேராசிரியர் கொஞ்ச நேரம் வகுப்பெடுத்தார். அப்புறம் சொன்னார்: “இதெல்லாம் கூட விட்டுரலாம்டா. அஞ்சு நாள் தூங்காம எவனாவது பிளேன் ஓட்டுவானா? மூணாம் நாளே விழுந்துருவான். அங்கயே கதை படுத்துருச்சு.”

என் வீட்டுக்காரர் அதற்குத் தலையாட்டினார் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழகர் எதிர்சேவைக்கு ஒரு ராத்திரி முழித்துவிட்டு மறுநாள் முழுக்க மோர் குடித்துக்கொண்டு படுத்துக் கிடந்த மனிதர் அவர்.

பிள்ளையோடு ஹாலுக்கு வந்தேன். “அண்ணே, 237-ஐ 33 ஆல பெருக்குங்க” என்றேன். 7,821 நிமிடம். 130 மணி 21 நிமிடம். கதையில் 130 மணி நேரத்துக்கு மேல் என்று சொல்வது அப்படியே ஒத்துப்போகிறது. நாலு பேர் இவ்வளவு நேரமாகப் பேசுகிறார்கள், ஒருவரும் இதைப் பெருக்கிப் பார்க்கவில்லை. செல்கடைத் தம்பி சிரித்துக்கொண்டே, “மதினி, அது கணக்கு சரி, ஆனா இதுல சயின்ஸ் இருக்கு, உங்களுக்குப் புரியாது” என்றான். வீட்டுக்காரர், “நீ போய்ப் படு, பிள்ளை முழிச்சுரும்” என்றார். பிள்ளை முழித்துக்கொண்டுதான் இருந்தான், என் தோளில், அவரையே பார்த்துக்கொண்டு.

(தூங்காமல் இருக்க முடியுமா என்ற சயின்ஸும் எனக்குத் தெரிந்ததுதான். 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1964 ஜனவரி வரை அமெரிக்காவின் சான் டியாகோவில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயதுப் பையன் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம் தூங்காமல் இருந்தான். 130 அதில் பாதிகூட இல்லை. டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நல்லது என்று சொல்லவில்லை, முடியும் என்று மட்டும் சொல்கிறேன். அந்த எபிசோடிலும் விமானிகளுக்கு மாத்திரை கொடுத்துத்தான் ஓட்டச் சொல்கிறார்கள்.)

போய்ப் படு என்றதால் நான் போய்ப் படுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டேன். “சரி, அந்த 981 பேர் எங்கே?” என்று கேட்டேன்.

எபிசோட் தொடங்கும்போது உயிரோடு இருப்பவர்கள் 50,298 என்று திரையில் வரும். முடிவில் ஜனாதிபதி லாரா ரோஸ்லினின் வெள்ளைப் பலகையில் 47,973. அதில் ஒன்று, ஒரு கப்பலில் அப்போதுதான் பிறந்த ஆண் குழந்தை. ஆக மொத்தம் குறைந்தது 2,326. ஒலிம்பிக் கேரியரில் போனது 1,345. மீதி 981. பேராசிரியர் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். நாலு பேரும் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்தார்கள். செல்கடைத் தம்பி, “டைரக்டர் மிஸ்டேக் மதினி, கண்டுபிடிச்சிட்டீங்க” என்றான். அதுவும் தப்பு.

நான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தவள். மார்ச் 31க்குக் கீழமாசி வீதி மளிகைக் குடோன்களில் சரக்கு எண்ணப் போவோம். ராத்திரி பதினோரு மணிக்கு, காலையிலிருந்து மூட்டை தூக்கிய ஆள் சொல்லும் எண்ணை எழுதினால் அது எப்போதும் கூடத்தான் இருக்கும். இந்தப் பக்கம் நின்று எண்ணிய துவரம்பருப்பு மூட்டையை அந்தப் பக்கம் போய் இன்னொரு தடவை எண்ணியிருப்பார்கள். அசந்துபோனவன் எண்ணினால் கூடும், மறுநாள் தெளிந்து எண்ணினால் குறையும். எபிசோடின் நடுவில் ரோஸ்லினின் உதவியாளன் பில்லி வந்து எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வான், ரோஸ்லின் அழித்து எழுதுவார், இவர்கள் அந்தக் காட்சியை மெதுவாகப் போகிறது என்று தள்ளிவிட்டுப் பார்த்தவர்கள். என்னைக் கேட்டால் அந்த எபிசோடிலேயே நம்பும்படியான விஷயம் அந்த 981தான்.

ஆபீஸ் என்றதும் ஞாபகம் வருகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடம் வேலை பார்த்த அந்த இடத்தில் பிரசவத்துக்குப் போன இரண்டாவது மாதமே என் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். அப்போது சட்டப்படி 12 வாரம் விடுப்பு, 2017இல் அதை 26 வாரம் ஆக்கினார்கள். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் ஆபீசுக்கு அந்தச் சட்டம் செல்லாது, நாங்கள் ஏழு பேர். ஊர் உலகத்துக்கெல்லாம் சட்டம் சொல்லிக் கொடுத்துக் காசு வாங்கும் இடம், தன் ஆபீசில் ஏழோடு நிறுத்திக்கொள்ளவும் தெரிந்து வைத்திருந்தது. சரி, விடுங்கள்.

அப்புறம் ஜன்னல். இந்த எபிசோடைப் பற்றி ரசிகர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்வது இதற்காகத்தான். சுடுவதற்கு முன்னால் அப்பல்லோ என்ற விமானி அந்தக் கப்பலின் ஜன்னல்களை ஒட்டிப் பறந்து போய்ப் பார்ப்பான். யாரையும் காணோம் என்பான். உள்ளே ஆள் இருந்தார்களா, இல்லையா? தம்பி ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, “இந்தா அசையுது, இந்தா அசையுது” என்று காட்டினான். பேராசிரியர், “காணோம்னு அவனே சொல்லிட்டானே, அப்புறம் என்ன?” என்றார்.

அதற்கு முந்தின வாரம் நடந்ததை அப்போதுதான் முதல் தடவை வெளியில் சொன்னேன், வீட்டுக்காரருக்கே தெரியாது. விடிகாலை மூன்று மணி இருக்கும், கரண்ட் இல்லை. திடுக்கென்று முழிப்பு வந்தது, பக்கத்தில் பிள்ளையைக் காணோம். தொட்டில் சேலைக்குள் கைவிட்டுத் துழாவினேன், இல்லை. தலையணையைத் தூக்கிப் பார்த்தேன். நோக்கியா செல்லில் டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன், குனியும்போது இடது கை ஏன் வரவில்லை என்று பார்த்தால் அந்தக் கையில் அவன் பால் குடித்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த பிள்ளையை ஐந்து நிமிடம் தேடியிருக்கிறேன்.

“அஞ்சு நாள் தூங்காதவன் ஜன்னல்ல ஆளக் காணோம்னு சொன்னா அதை எப்படிண்ணே சாட்சின்னு எடுக்குறீங்க?” என்றேன்.

பரோட்டாக்காரர் அன்று முதல் முறையாக வாயைத் திறந்து, “தங்கச்சி சொல்றது சரிதான்” என்றார். பேராசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டார் என்று நினைக்காதீர்கள், இன்றைக்கு வரை ஒப்புக்கொள்ளவில்லை. அது எழுத்தாளர் யோசித்து வைத்ததில்லை, நீயாக ஏற்றிச் சொல்கிறாய் என்பார். இருக்கட்டும், ஏற்றித்தான் சொன்னேன். அந்த எபிசோட் 2005இல் ஹ்யூகோ விருது வாங்கியது, நான் ஏற்றிச் சொன்னதால் அதற்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து நான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வரும்வரை லேப்டாப்பைத் திறக்கவில்லை, தொட்டில் கயிற்றை ஹாலிலிருந்தே ஆட்ட வசதியாக நீளமாகக் கட்டிக் கொடுத்தது செல்கடைத் தம்பி. வீட்டுக்காரரும் அந்த வாரத்திலிருந்து மூன்று மணி முறையை எடுத்துக்கொண்டார். பால் கொடுப்பது நான்தான், ஏப்பம் வரவைத்துத் தூங்கவைப்பது அவர். புருஷனைப் பொதுவெளியில் குறை சொல்கிறாள் என்று எழுத வருபவர்கள் இந்த வரியையும் சேர்த்துப் படிக்கவும்.

எனவே வியாதியா என்றால், பிடிக்காத தொடரை யாரும் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்ப்பதில்லை. எரிச்சல் வருகிறது என்றால் உங்களை அடுப்படியில் நிறுத்திவிட்டுப் பேசுகிறார்கள் என்பதால் வரும், அது வேறு சண்டை, அதைத் தனியாகப் போடுங்கள்.

மகன் இப்போது எட்டாம் வகுப்பு. போன மாதம் இந்த எபிசோடை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். 237ஆவது தாவலுக்கு முன்னாலேயே சோபாவில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.