பட்டம் இல்லாமல் வெப் வேலை

கேள்வி: உயர்தரம் முடித்தேன், கம்பஸ் கிடைக்கவில்லை. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். வெப் டெவலப்பர் வேலை கிடைக்குமா அண்ணா?
– வாசகர், உப்புவெளி

பதில்: கிடைக்கும் தம்பி, ஆனால் சி.வி. மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் கஷ்டம். நிலாவெளி ரோட்டில் எத்தனை கெஸ்ட்ஹவுஸ்! ஒன்றைப் பிடியுங்கள். அறை வாடகை, புறாமலைத் தீவுக்குப் படகு நேரம், வாட்ஸ்அப் பட்டன், இவ்வளவும் போனில் சட்டென்று திறக்கிற மாதிரி ஒரு தளம் செய்து கொடுங்கள். சிறு தொகையாவது வாங்குங்கள். இனாமென்றால் திருத்தச் சொல்லியே உயிரை எடுப்பார்கள். எழுதிய கோட் முழுவதையும் கிட்ஹப்பில் (கோட்களைச் சேமித்துப் பிறருக்குக் காட்டும் இணையத்தளம்) போடுங்கள். அதன் கிட்ஹப் பேஜஸ் சேவையில், காட்டுவதற்கு ஒரு மாதிரித் தளத்தை இலவசமாகவே ஏற்றலாம். நேர்முகத்தில் அந்தத் தளத்தைத் திறந்து காட்டி, ஒவ்வொரு வரியும் ஏன் என்று சொல்லத் தெரியவேண்டும். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை அப்புறம் பார்க்கலாம். அரச வேலையென்றால் கதை வேறு, அங்கே தாள் கேட்பார்கள். என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழாவது எடுத்து வையுங்கள்.