வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள், வக்கீல் வைக்க வசதியில்லை. மதுரையில் இலவச உதவி உண்டா?

உண்டு. செல்லூரில் தனியாக இருக்கும் உங்கள் அம்மாவை மாதக் கடைசிக்குள் போகச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில், பயந்துபோய்ச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். குடியிருப்பவர் சம்மதிக்காவிட்டால், வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்கடி கொடுப்பதையும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தடுக்கிறது.

அப்புறம், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அம்மாவையே அழைத்துப் போங்கள். பலருக்குத் தெரியாத விஷயம் இது: பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படித்தான். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம் இரண்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மேலூர், உசிலம்பட்டி பக்கம் இருப்பவர்கள் வட்ட அளவிலான குழுவிடம் போகலாம். போனில் கேட்க 15100.

ஆதார், வாடகை ஒப்பந்தம், அட்வான்ஸ் கொடுத்த ரசீது, வந்த நோட்டீஸ் எல்லாம் கையில் இருக்கட்டும். ஒப்பந்தம் இல்லையா? சரி, இருப்பதை எடுத்துப் போங்கள். வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பாக்கி விழுந்தால் வழக்கு வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்துவிடும். வாங்க மறுத்தால் மணியார்டரில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.