சிடி10 பளிச்சென்று தெரிந்தால் நொதி வேலை செய்கிறது என்று அர்த்தமா?

கேள்வி: பெங்களூரில் எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். மனித ரத்த அணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி10 நொதிதான் என் புராஜெக்ட். சாயம் சேர்த்த மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் புரதம்) போட்டு, ஒவ்வொரு அணுவின் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் பார்த்தேன். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் நன்றாக ஒளிர்ந்தன. ‘நொதியின் செயல்பாடு அதிகம்’ என்று எழுதலாமா?
- வாசகி, அல்சூர்

பதில்: வேண்டாம் அம்மா. ‘புரதம் இருக்கிறது’ என்பதுவரை தைரியமாக எழுதுங்கள். ஆன்டிபாடி அந்தப் புரதத்தின் ஒரு சிறு பகுதியைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நொதி பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) வெட்டுகிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

ரத்தத்தை எந்தக் குழாயில் எடுத்தீர்கள்? ஊதா மூடி என்றால் உள்ளே ஈடிடிஏ இருக்கும். சிடி10 வெட்டுவதற்கு அதன் நடுவில் துத்தநாகம் வேண்டும். ஈடிடிஏ உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் பொருள். நொதியின் வேலை தடைபட்டிருக்கும்போதும் உங்கள் நியூட்ரோஃபில்கள் அதே மாதிரி ஒளிரும். செயல்பாடுதான் வேண்டுமென்றால் ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்துள்ள பச்சை மூடிக் குழாயில் எடுங்கள். வெட்டுப்பட்டால் ஒளிரும் பெப்டைடைச் சேர்த்து, தியோர்பன் என்ற தடுப்பானோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் அளந்து பாருங்கள். அந்த வித்தியாசம்தான் சிடி10-இன் கணக்கு.

இதன் வரலாறே இதைத்தான் காட்டுகிறது. கோலர், மில்ஸ்டைன் என்ற விஞ்ஞானிகள் கேம்பிரிட்ஜில் மோனோகுளோனல் ஆன்டிபாடி தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தது 1975-இல். 1980-களில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை இனம்பிரிக்க ‘கல்லா’ என்ற பெயரில் இந்தப் புரதத்தைத் தேடினார்கள். அதுவும் நெப்ரிலைசின் என்ற நொதியும் ஒன்றுதான் என்பது அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான் தெரிந்தது. அதுவரை அதன் வேலை தெரியாமலே நோயை இனம்பிரிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

ஆன்டிபாடி சரியாக இருக்கிறதா என்பதற்கு உங்கள் குழாயிலேயே சாட்சி உண்டு. நலமாக உள்ளவரின் ரத்தத்தில் முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் ஒளிர வேண்டும், லிம்ஃபோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களில் பெரும்பாலானவை இருண்டிருக்க வேண்டும். எல்லாமே ஒளிர்ந்தால் ஆன்டிபாடியை அதிகமாக ஊற்றியிருக்கலாம். பாதிப்பாதியாக நீர்த்துப் பார்த்து அளவைக் குறையுங்கள். அப்புறம், பிஇ (ஃபைக்கோஎரித்ரின்) என்ற ஒளிரும் சாயம் சேர்த்த ஆன்டிபாடிக் குப்பியை ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. 2 முதல் 8 டிகிரியில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் இங்கே ஒரு ரத்தநோய் ஆய்வகத்தில் இருக்கிறேன். பிள்ளையின் ரிப்போர்ட்டில் ‘சிடி10 பாசிட்டிவ்’ என்ற ஒரு வரியைப் பார்த்துவிட்டுக் கலங்கி நிற்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். நோயில்லாத குழந்தையின் எலும்பு மஜ்ஜையிலும் இளம் பி அணுக்கள் (லிம்ஃபோசைட்டில் ஒரு வகை) சிடி10-ஐக் காட்டும். மற்ற குறியீடுகளையும் அணுக்களின் தோற்றத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். உங்கள் குப்பியில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்றிருந்தால், யார் கேட்டாலும் நோயாளியின் மாதிரிக்கு அதில் ரிப்போர்ட் கொடுக்காதீர்கள்.

அறிக்கையில் ஆன்டிபாடியின் குளோன் பெயர் (அதைச் சுரந்த அணு வரிசையின் பெயர்), சாயம், ஊற்றிய அளவு, லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), குழாயின் வகை எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்து வரும் மாணவருக்கு அவை தேவைப்படும்.